மூன்று படம், ஒரு லிங்க், ஆறு வரி
வாசகர் கேள்வி – பதில்

நடிப்பு வாய்ப்புத் தேடுவது பற்றித் திருகோணமலை மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்கள் இம்முறை ஒரு கட்டுச் சேர்ந்துவிட்டன. ஒன்றையே கேட்டவற்றை ஒன்றாக்கி, பெயர்களை எடுத்துவிட்டு, ஊரை மட்டும் வைத்துப் பதில் தருகிறோம்.

கேள்வி: உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் படித்தேன். இரண்டு குறும்படங்களில் நடித்திருக்கிறேன். வயது 23. நல்ல ஏஜென்ட் ஒருவரைப் பிடித்தால்தான் மேலே போகலாம் என்கிறார்கள். எப்படிப் பிடிப்பது, என்ன எழுதி அனுப்புவது?
– வாசகர், உவர்மலை

பதில்: யார் யாருடைய ஆள் என்பதை முதலில் பிரித்துப் பாருங்கள் தம்பி. ஏஜென்ட் நடிகருடைய ஆள். உங்களுக்காக வேலை தேடி, சம்பளம் பேசி, வந்த பணத்தில் ஒரு பங்கு எடுப்பவர். காஸ்டிங் டைரக்டர், அதாவது வேடத்துக்கு ஆள் தேர்வு செய்பவர், தயாரிப்பாளருடைய ஆள். அவருக்குக் கூலி அங்கேதான். நடிகரிடம் ஒரு சதமும் வாங்க அவருக்கு உரிமையில்லை. இவர்கள் இருவருக்கும் நடுவில் கோடினேட்டர்கள் இருக்கிறார்கள். கூட்டக் காட்சிக்கு, சின்ன வேடத்துக்கு, விளம்பரத்துக்கு ஆள் சேர்த்துக் கொடுப்பவர்கள். மூவரையும் நம்மூரில் "ஏஜென்ட்" என்று ஒரே பெயரால் அழைப்பதால்தான் பாதிக் குழப்பம்.

ஒரு நடிகரைப் பொறுப்பெடுத்து வருடக்கணக்காக வளர்க்கும் ஏஜென்ட் இலங்கையில் அபூர்வம். கொழும்பில் விளம்பரப் படங்களுக்கு முகம் தேடுவது பெரும்பாலும் கோடினேட்டர்களும் மொடல் ஏஜென்சிகளும். தொடர் நாடகம், திரைப்படம் என்றால் இயக்குநரும் உதவி இயக்குநர்களுமே நேராகத் தேடுகிறார்கள். ஆகவே ஒருவரைப் பிடித்துத் தொங்குவதைவிட, இப்படியான பத்துப் பன்னிரண்டு பேருடைய பட்டியலில் உங்கள் பெயர் ஏறுவதுதான் இப்போதைக்கு உங்கள் வேலை. அந்த ஆட்களைக் கண்டுபிடிக்க, குறும்படமோ தொடரோ முடிந்ததும் ஓடும் பெயர் வரிசையை நிறுத்தி வாசியுங்கள். ஆள் தேர்வு செய்தவர் பெயரும் உதவி இயக்குநர் பெயரும் அதில் இருக்கும். உங்கள் இரண்டு குறும்பட இயக்குநர்களிடமும் கேளுங்கள். தெரிந்தவர் ஒருவர் சொல்லி அனுப்பும் பெயரை எல்லோரும் ஒருமுறையாவது திறந்து பார்ப்பார்கள்.

ஒருவருக்கு எழுதும்முன் அவருடைய பக்கத்தில் யார் யார் முகம் இருக்கிறது என்று பாருங்கள். நடிப்புத் திறமையைவிட அவர் முதலில் பார்ப்பது, இது தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் முகமா என்பதைத்தான். தாடி வைத்த, கறுப்புக் கண்ணாடி போட்ட கதாநாயக முகம் எல்லோரிடமும் குவிந்து கிடக்கிறது. கரைவலை இழுக்கும் பொடியனாக, மாவட்டச் செயலக எழுதுவினைஞராக, புதிதாக நியமனம் பெற்ற ஆசிரியராக நீங்கள் பொருந்தினால் அதைக் காட்டும் படத்தை அனுப்புங்கள். உங்கள் வயதுக்காரர் திரையில் 18 முதல் 26 வரை தாங்குவார். அந்த வீச்சையும் எழுதலாம்.

கடிதம் மின்னஞ்சலில் போகட்டும். பொருள் வரியிலேயே விஷயம் முடிய வேண்டும்: "நடிகர், ஆண், 23, திருகோணமலை, தமிழ் மற்றும் சிங்களம்." உள்ளே இவ்வளவு போதும்:

"வணக்கம். உங்கள் பட்டியலில் 20 முதல் 25 வயது ஆண் நடிகர்கள் குறைவாக இருப்பதைக் கண்டு எழுதுகிறேன். திருகோணமலையில் வசிக்கிறேன், இரண்டு நாள் முன்னறிவித்தல் தந்தால் கொழும்புக்கு வருவேன். இன்ன குறும்படத்தில் இன்ன வேடம் செய்தேன். மூன்று புகைப்படங்களும் ஒரு பக்க விபரமும் இணைத்துள்ளேன். ஒரு நிமிட வீடியோவின் லிங்க் கீழே உள்ளது. தொலைபேசி எண் இது."

ஆறு வரிதான். சிறுவயது முதல் நடிப்பே மூச்சு என்பதெல்லாம் வேண்டாம். அந்த வரி இல்லாத கடிதம் அவர்களுக்கு வருவதே இல்லை.

அந்த ஒரு பக்க விபரத்தில் உயரம், பேசும் மொழிகள், செய்த வேடங்கள், கற்ற பயிற்சி, சாரதி அனுமதிப்பத்திரம், நீச்சல், படகு ஓட்டம், கூத்து, சிலம்பம் எல்லாம் வரலாம். தெரியாததைத் தெரியும் என்று எழுதாதீர்கள். நீச்சல் என்று எழுதியவரை நம்பி ஆழக்கடலில் காட்சி வைத்துவிட்டால் அது உயிர் விஷயம். அடையாள அட்டை இலக்கமும் வங்கிக் கணக்கும் இந்தக் கட்டத்தில் யாருக்கும் தேவையில்லை.

வீடியோ 60 முதல் 90 விநாடி. திறந்த ஐந்து விநாடிக்குள் உங்கள் முகம் தெரிந்து, நீங்கள் பேசிக்கொண்டிருக்க வேண்டும். பாட்டுப் போட்டு மெதுவாக நடந்து வரும் காட்சியை முதலில் வைத்தால் அங்கேயே மூடிவிடுவார்கள். குறும்படத்தில் உங்கள் காட்சி மங்கலாக இருந்தால் அதை விட்டுவிட்டு, இரண்டு தனிப்பேச்சுகளை எடுங்கள். ஒன்று சிரிப்பு வருவது, மற்றது அடங்கிய கோபம்.

எத்தனையோ நல்ல கடிதங்கள் வீணாவது ஒரு சின்னத் தவறால்: வீடியோவை கூகிள் ட்ரைவில் ஏற்றிவிட்டு, "லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்" என்று மாற்ற மறப்பது. மறுபக்கத்தில் "அனுமதி கேளுங்கள்" என்று திரை வரும். யாரும் கேட்கமாட்டார்கள். அனுப்பும்முன், உங்கள் கணக்கு இல்லாத நண்பர் ஒருவரின் போனில் திறந்து பாருங்கள். இருபது பேருடைய முகவரியையும் ஒரே மடலில் வரிசையாகப் போடுவது அடுத்த தவறு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்புங்கள்.

பதில் இல்லையென்றால் மூன்று வாரம் பொறுத்து, அதே மடலின் கீழே இரண்டு வரி எழுதுங்கள். அதற்கும் இல்லையென்றால் புதிதாகச் சொல்ல ஏதாவது வரும்வரை, புதுக் குறும்படமோ மேடை நாடகமோ, சும்மா இருங்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு அதைச் சொல்லித் திரும்ப எழுதுவதில் வெட்கமில்லை.

கேள்வி: "உங்கள் முகம் எங்களுக்குப் பிடித்திருக்கிறது, போர்ட்ஃபோலியோ (புகைப்படத் தொகுப்பு) எடுக்க 45,000 ரூபா கட்டுங்கள், அதன்பின் வாய்ப்பு நிச்சயம்" என்று கொழும்பு ஏஜென்சி ஒன்று சொல்கிறது. கட்டலாமா?
– வாசகி, சாம்பல்தீவு

பதில்: கட்ட வேண்டாம்.

ஏஜென்ட் என்பவர் நீங்கள் சம்பாதித்தால் மட்டும் சம்பாதிப்பவர். உங்களுக்கு வேலை கிடைக்கும் முன்னரே அவர் கையில் பணம் வந்துவிட்டால், உங்களுக்கு வேலை தேட அவருக்கு என்ன அவசரம்? அவருடைய தொழில் புகைப்படம் எடுத்து விற்பது என்று ஆகிவிடுகிறது. பதிவுக் கட்டணம், அடையாள அட்டைக் கட்டணம், "கட்டாயப் பயிற்சி வகுப்பு", திருப்பித் தரப்படும் டிப்பொசிட் எல்லாம் இதே மரத்தின் கிளைகள். வேலைக்கு முன் நடிகரிடம் கட்டணம் வாங்குவதைச் சட்டம் போட்டே தடுத்த இடங்கள் இருக்கின்றன; அமெரிக்காவின் கலிஃபோர்னியா 2010 முதல் அப்படி. படங்களுக்குச் செலவு செய்ய வேண்டியது உண்மைதான். ஆனால் எடுப்பவரை நீங்கள் தெரிவு செய்யுங்கள், படங்களின் கோப்புகள் உங்கள் கையில் இருக்கட்டும்.

மூன்று படம் வேண்டும்: தோளுக்கு மேலே முகம், இடுப்பு வரை, முழு உருவம். முகப்படம் நெடுக்காக, 8க்கு 10 அங்குல விகிதத்தில். திருகோணமலையில் எல்லோரும் டச்சு விரிகுடாவுக்குத்தான் படம் எடுக்க ஓடுகிறார்கள். பத்து மணிக்குப் பிறகு அங்கே கண் கூசும், புருவத்தின் கீழ் கறுப்பு நிழல் விழும், பின்னால் கடல் வெளுத்துப் போகும். வீட்டில் வெயில் நேராக விழாத ஜன்னலைத் திறந்து, அதற்கு முகம் கொடுத்து, சுவரிலிருந்து நான்கடி முன்னால் நில்லுங்கள். அந்த வெளிச்சம் போதும். ஒரே நிற உடுப்பு, எழுத்தும் பூவும் இல்லாமல். கலியாண வீட்டு ஒப்பனை வேண்டாம்.

நம்மூர்ப் படப்பிடிப்பாளர்களில் பலர் கலியாண வேலை செய்து பழகியவர்கள். தோலை வழவழப்பாக்கி, நிறத்தை ஒரு படி கூட்டித் தருவார்கள். அன்பாகத்தான் செய்கிறார்கள். ஆனால் மருவையும் தழும்பையும் அழித்த படத்தைப் பார்த்துக் கூப்பிட்டவர் நேரில் வேறொருவரைக் கண்டால் அன்றோடு சரி. "ஒன்றும் அழிக்க வேண்டாம், நிறம் கூட்ட வேண்டாம்" என்று முற்பணம் கொடுக்கும்போதே சொல்லுங்கள். ஒவ்வொரு படமும் 2 எம்பிக்குள், கோப்பின் பெயரில் உங்கள் பெயரும் தொலைபேசி எண்ணும். தலைமுடியை வெட்டினாலோ உடம்பு மாறினாலோ படங்களையும் மாற்ற வேண்டும்.

கேள்வி: படங்களைப் பார்த்துவிட்டு "செல்ஃப் டேப் அனுப்புங்கள்" என்று ஒரு பக்க வசனம் வந்திருக்கிறது. என்னிடம் இருப்பது சாதாரண போன். ஸ்டூடியோவுக்குப் போக வேண்டுமா?
– வாசகர், தம்பலகாமம்

பதில்: செல்ஃப் டேப் என்பது உங்கள் நடிப்பை நீங்களே பதிந்து அனுப்பும் வீடியோ. போன் போதும். வேறாகச் சொல்லாவிட்டால் கிடையாகப் பிடியுங்கள், தரம் 1080. கண் மட்டத்துக்கு வரும்படி எதிலாவது கட்டி வையுங்கள். நெல் மூட்டை மேல் வைத்தாலும் பரவாயில்லை, ஆடக் கூடாது. பின்னால் சாம்பல் அல்லது வெளிர் நீலத்தில் சுருக்கம் நீக்கிய படுக்கை விரிப்பு. வெளிச்சம் முன்னாலிருந்து வர வேண்டும். நெஞ்சுக்கு மேலே மட்டும் படத்தில் விழட்டும்.

எதிர்ப் பாத்திரத்தின் வசனத்தை ஒருவர் வாசிக்க வேண்டும். அவர் போனுக்குப் பக்கத்திலேயே, லென்ஸை ஒட்டி நிற்க வேண்டும். நீங்கள் அவரைப் பார்த்துப் பேசுங்கள், லென்ஸைப் பார்க்காதீர்கள். அவர் தணிந்த குரலில் வாசிக்கட்டும். போனுக்கு நெருக்கமாக நிற்பவர் அவர் என்பதால் அவர் குரல்தான் பெரிதாகக் கேட்கும். உங்களைவிட அவர் நன்றாக நடித்தால் இன்னும் சிக்கல்.

சத்தம்தான் பெரிய எதிரி. மின்விசிறியை நிறுத்துங்கள். வியர்க்கும், அதனால் ஒவ்வொரு எடுப்புக்கு முன்பும் நெற்றியையும் மூக்கையும் ஒற்றி எடுங்கள். கோயில் ஒலிபெருக்கியும் பள்ளிவாசல் பாங்கும் கேட்கும் நேரத்தை விட்டுத் தள்ளி வையுங்கள்.

மேடையிலும் கூத்திலும் பழகியவர்கள் கவனிக்க ஒன்று. களரியின் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று விட்ட குரலும் விரித்த கையும் மூன்றடிக்கு அப்பாலுள்ள போனுக்கு அதிகம். அதற்காக உணர்ச்சியைக் குறைக்க வேண்டாம். கேட்பவர் எட்டத்தில் இல்லை, பாயில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துப் பேசுங்கள். அளவு தானாக வந்துவிடும்.

தொடக்கத்தில் பெயர், வயது, உயரம், ஊர் சொல்லும் பத்து விநாடி. பிறகு இரண்டு எடுப்பு. இரண்டும் ஒன்றுபோல இருந்தால் இரண்டாவது வீண். ஒன்றில் கோபமாகச் சொன்னதை மற்றதில் பயந்துகொண்டு சொல்லிப் பாருங்கள். வட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் படம் நசுங்கும், ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். கேட்ட நேரத்துக்கு ஒரு மணி முந்திப் போய்ச் சேரட்டும். தம்பலகாமத்து மழைக்காலத்தில் மின்சாரம் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது.

கேள்வி: என் பேச்சு அப்படியே கிண்ணியாப் பேச்சு. ஏஜென்ட் முன்னால் மாற்றிப் பேச வேண்டுமா?
– வாசகர், கிண்ணியா

பதில்: வேண்டாம், அதை விபரப் பக்கத்தில் ஒரு தகுதியாக எழுதுங்கள். "கிழக்கிலங்கை முஸ்லிம் பேச்சு வழக்கு, இயல்பாக" என்று ஒரு வரி. அந்தப் பேச்சுத் தேவைப்படும் வேடம் வரும்போது அதைப் பழகிப் பேசுபவரைவிடப் பிறந்து பேசுபவரையே தேடுவார்கள். கூடவே பொதுத் தமிழில் செய்தி வாசிப்பதுபோல் ஒரு நிமிடம் பதிந்து வையுங்கள். யாழ்ப்பாணப் பேச்சோ சென்னைப் பேச்சோ உண்மையிலேயே வந்தால் அதையும். அரைகுறையான சென்னைத் தமிழ் இரு கரையிலும் எடுபடாது.

சிங்களத்தையும் மறக்க வேண்டாம். கொழும்பில் விளம்பரப் படப்பிடிப்புத் தளத்தில் இயக்குநரும் ஒளிப்பதிவாளரும் பேசுவது பெரும்பாலும் சிங்களம். "இரண்டடி இடப்பக்கம், லைட்டைப் பார்" என்பதை மொழிபெயர்ப்பில்லாமல் புரிந்துகொள்ளும் தமிழ் நடிகரைத் திரும்பக் கூப்பிடுவார்கள்.

இன்னொரு வாசலும் இருக்கிறது. சிங்களத்தில் எடுத்த பல விளம்பரங்களுக்குப் பிறகு தமிழ்க் குரல் சேர்க்கிறார்கள். உதட்டசைவுக்குள் தமிழை அடக்கிப் பேசத் தெரிந்த குரலுக்கு எப்போதும் தேவை உண்டு. ஒரு விளம்பரம், ஒரு அறிவிப்பு, ஒரு பாத்திரம் என மூன்று வகையில் மொத்தம் 60 விநாடிக் குரல் மாதிரி தயாரித்து, குரல் பதிவுக் கூடங்களுக்குத் தனியாக அனுப்புங்கள்.

கேள்வி: ஒப்பந்தம் ஒன்று வந்திருக்கிறது. மூன்று வருடம், 30 வீதம், "எல்லாவித வருமானத்திலும்" என்று போட்டிருக்கிறது. கையெழுத்திடலாமா?
– வாசகி, நிலாவெளி

பதில்: இப்படியே வேண்டாம், பேசிப் பாருங்கள். அமெரிக்காவில் நடிகர் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் 10 வீதம் எடுக்கிறார். இங்கிலாந்திலும் கனடாவிலும் பெரும்பாலும் 10 முதல் 15. இந்தியாவில் 10 முதல் 20 வரை பேசுவது வழக்கம். 30 என்பது அதிகம்.

"எல்லாவித வருமானம்" என்ற சொல்தான் இன்னும் மோசம். நீங்கள் ரியூசன் கொடுத்துச் சம்பாதிப்பதும், உங்கள் மாமாவின் கடைத் திறப்பு விழாவில் அறிவிப்பாளராக நின்று வாங்குவதும் அதற்குள் வந்துவிடும். "முகவர் மூலமாகக் கிடைத்த நடிப்பு, விளம்பர, குரல் வேலைகளில் மட்டும்" என்று மாற்றச் சொல்லுங்கள். காலம் முதலில் ஒரு வருடம். அதற்குள்ளும், 30 நாள் எழுத்து முன்னறிவித்தலோடு இரு பக்கமும் விலகலாம் என்றிருக்க வேண்டும். விலகிய பின் பங்கு கேட்பது, அவர் ஏற்கெனவே எடுத்துத் தந்த வேலைக்கு மட்டும்.

பணம் யார் கைக்கு முதலில் வரும் என்பதைக் கேளுங்கள். அவர் கைக்கு என்றால், வந்து எத்தனை நாளில் உங்களுக்கு, தயாரிப்பாளர் கொடுத்த மொத்தத் தொகையைக் காட்டும் ரசீதுடன் என்று எழுத வேண்டும். 60,000 ரூபா விளம்பரத்தில் 15 வீதம் என்றால் 9,000 அவருக்கு, 51,000 உங்களுக்கு. ஆனால் தயாரிப்பாளர் கொடுத்தது 100,000 என்று உங்களுக்குத் தெரியாமலே போகலாம். ரசீது அதற்குத்தான்.

விளம்பரம் என்றால் இன்னும் மூன்று கேள்வி: எத்தனை மாதம் ஓட்டுவார்கள், எந்த நாடுகளில், எந்தெந்தத் தளத்தில். ஒரு சவர்க்கார விளம்பரத்தில் முகம் வந்தால் அந்தக் காலம் முடியும்வரை வேறு சவர்க்காரத்துக்கு நடிக்க முடியாது என்று நிபந்தனை இருக்கும். அது நியாயமானதுதான், ஆனால் காலம் குறிப்பிடாமல் விட்டால் ஒரு நாள் கூலிக்கு வருடக்கணக்காகக் கட்டுப்பட்டுக் கிடப்பீர்கள். ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருக்கும். சட்டத்தரணி ஒருவரிடம் கொடுத்து ஒவ்வொரு பிரிவையும் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டபிறகு பேனாவை எடுங்கள். "இன்றே கையெழுத்திட வேண்டும்" என்று நெருக்கினால், இல்லை என்பதற்கு அதுவே போதிய காரணம்.

கேள்வி: என் மகளுக்கு 17 வயது. முகநூலில் படம் பார்த்து ஒருவர் கொழும்பில் ஹோட்டலில் ஒடிஷன் என்கிறார். தனியாக அனுப்பச் சொல்கிறார்.
– ஒரு தாய், சீனக்குடா

பதில்: அனுப்பாதீர்கள் அம்மா. உண்மையான ஒடிஷன் அலுவலகத்திலோ ஸ்டூடியோவிலோ பகலில், மற்றவர்களும் இருக்கும் இடத்தில் நடக்கும். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவருடன் பெற்றோர் வருவதை ஒழுங்கான எவரும் மறுக்கமாட்டார். "உடம்பு அளவு பார்க்க" என்று படம் கேட்டால் பேச்சை நிறுத்துங்கள். வந்த செய்திகளை அழிக்காமல் திரைப்பிரதி எடுத்து வைத்து, சிறுவர் உதவி எண் 1929க்கு அழையுங்கள். வயது வந்த பெண்களுக்கு 1938.

கேள்வி: சென்னைக்குப் போய் ஏஜென்ட் தேடலாம் என்று இருக்கிறேன். சுற்றுலா விசா போதுமா?
– வாசகர், மூதூர்

பதில்: ஊர் பார்க்கப் போதும், சம்பளத்துக்கு நடிக்கப் போதாது. பிடிபட்டால் அடுத்த விசாவும் சிக்கலாகும். தமிழ்நாட்டில் பல படங்களுக்குச் சின்ன வேடங்களைத் தெரிவு செய்வது இணை, உதவி இயக்குநர்கள். வடபழனியிலும் சாலிகிராமத்திலும் அல்பத்தோடு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவது பழைய வழி. இப்போது தேர்வு அறிவிப்பும் செல்ஃப் டேப்பும் இணையத்தில் நடப்பதால் முதற்கட்டத்தை மூதூரிலிருந்தே செய்யலாம். ஈழத்துப் பேச்சு வேண்டும் என்று அறிவிப்பு வரும்போது உடனே அனுப்புங்கள். தெரிவானால் வேலை விசாவுக்கான கடிதத்தைத் தயாரிப்பு நிறுவனம் தர வேண்டும். வெளிநாட்டில் நடிப்பு வேலை எடுத்துத் தருகிறேன் என்று இங்கே யாராவது பணம் கேட்டால், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் அவருக்கு உண்டா என்று 1989 என்ற தொலைபேசி எண்ணில் விசாரியுங்கள்.

கேள்வி: லண்டனில் சித்தி வீடு இருக்கிறது. அங்குள்ள ஏஜென்ட்டுக்கு இங்கிருந்து எழுதலாமா?
– வாசகி, உப்புவெளி

பதில்: எழுதலாம். ஆனால் அங்கே வேலை செய்யும் உரிமை உங்களுக்கு இல்லாவிட்டால் பெரும்பாலும் எடுக்கமாட்டார்கள். 1927இல் தொடங்கிய ஸ்பொட்லைட் என்ற நடிகர் பதிவேடு அங்கே இருக்கிறது. ஏஜென்ட்களும் காஸ்டிங் ஆட்களும் அதைப் பார்த்துத்தான் வேலை செய்கிறார்கள். படிக்கவோ குடியேறவோ போகும்போது அதைப் பாருங்கள்.

கேள்வி: கொழும்பில் ஒடிஷன் என்று அழைப்பு வந்தால் இரவு பஸ் ஏறிப் போய், ஐந்து நிமிடத்தில் முடிந்து, வந்த வழியே திரும்பி வருகிறேன். மூன்று முறை ஆகிவிட்டது. ஏஜென்டிடம் எப்படிச் சொல்வது?
– வாசகர், கன்னியா

பதில்: போகும்முன் ஐந்து கேள்வி கேளுங்கள், அவர் கோபிக்கமாட்டார்: என்ன வேடம், சம்பளம் எவ்வளவு, படப்பிடிப்பு எந்தத் திகதி, பிரயாணச் செலவு யாருடையது, முதற் சுற்றுக்கு செல்ஃப் டேப் ஏற்பார்களா. திகதி தெரியாமல் போய், தெரிவான பிறகு "அன்றைக்கு எனக்குப் பரீட்சை" என்று சொல்பவரால் ஏஜென்டின் பெயரும் சேர்ந்து கெடுகிறது. முதற் சுற்று டேப், இரண்டாம் சுற்றுக்கு நேரில் என்று அவருடன் பேசி வைத்துக்கொள்ளுங்கள். நேரில் போகும் நாளில் கொழும்பிலுள்ள மற்ற இரண்டு கோடினேட்டர்களுக்கும் முதல்நாளே சொல்லி, பத்து நிமிடம் சந்திக்க முடியுமா என்று கேளுங்கள். ஒரு பஸ் ரிக்கற்றில் மூன்று வேலை. பஸ்ஸிலிருந்து இறங்கிய சட்டையோடு போக வேண்டாம். கோட்டை நிலையத்தில் முகம் கழுவி மாற்றிக்கொள்ள ஒரு ஒரே நிறச் சட்டை பையில் இருக்கட்டும்.